சாமி படத்துக்கும் இன்ஷூரன்ஸா?

கும்பகோணத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாமியார் காலமான பிறகு, பூஜை அறையில் இருந்த நான்கு பழைய தஞ்சாவூர்ப் படங்கள் இவர் பொறுப்பில் வந்திருக்கின்றன. நாத்தனார்கள் இரண்டு பேர். ஒருத்தி உள்ளூர், ஒருத்தி அமெரிக்கா. "அண்ணி, அம்மாவோட படம் பத்திரம். எங்களுக்கும் அதுல பங்கு உண்டு!" என்று வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார்களாம். கணவரோ, "வீட்டுக்குத்தான் இன்ஷூரன்ஸ் கட்டறோமே, அதுலேயே எல்லாம் அடக்கம்" என்று பேப்பரைப் புரட்டுகிறாராம். 'அடக்கமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்' என்கிறார் சகோதரி.

பெரும்பாலும் இல்லை, அம்மா!

எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பூஜை அறையில் சீரியல் விளக்கு வயர் உருகித் தீப்பிடித்தது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. பீரோ, ஃபேன், கருகிய கதவு எல்லாவற்றுக்கும் கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று தலைமுறையாக இருந்த ராமர் பட்டாபிஷேகப் படத்துக்கு மட்டும் ஒரு பைசா கிடையாது. "லிஸ்ட்ல இல்லையேம்மா" என்று சர்வேயர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? காட்டுவதற்கு ஒரு போட்டோ கூட வீட்டில் இருக்கவில்லை. கல்யாண ஆல்பத்தில் பெண்ணுக்குப் பின்னால் பாதி ராமர் தெரிகிறார், அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். வீட்டு பாலிஸியில் மேஜை, நாற்காலி, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரு ஜாதி. நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் இவையெல்லாம் வேறு ஜாதி. முதல் வகை தானாக உள்ளே வந்துவிடும். இரண்டாவது வகையை நாம் கேட்டுச் சேர்த்தால்தான் உண்டு. 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிஸியிலும் இதே கதைதான். கட்டடத்துக்கு எடுத்தால், அதன் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை சாமான்களுக்குத் தானாகவே கிடைக்கும். ஓவியம் அதில் சேராது. விலைமதிப்புள்ள பொருள்கள் என்று தனியாகக் கேட்டு, கொஞ்சம் கூடுதல் பிரிமியம் கட்ட வேண்டும்.

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. இந்த பாலிஸி தீ, புயல், வெள்ளம் போன்றவற்றுக்குத்தான். திருட்டு என்றால், அப்படி ஏதாவது நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் போனால்தான் கணக்கில் வரும். ஊருக்குப் போயிருக்கும்போது பூட்டை உடைத்து எடுத்துப் போனால் வராது! அதற்குக் களவு இன்ஷூரன்ஸும் சேர்ந்த பாலிஸி வேண்டும். ஏஜெண்டிடம் "திருட்டும் உண்டா, படத்துக்கும் சேர்த்தா?" என்று வாய்விட்டுக் கேட்டு, எழுத்திலும் வாங்கிக் கொள்ளுங்கள்.

அடுத்தது விலை. "பாட்டி காலத்துப் படம், விலையே சொல்ல முடியாது" என்பது நமக்குச் சரி. கம்பெனி பாரத்தில் அதை எழுத முடியுமோ? ஓவியத்துக்கு ஒரு மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். படம் முழுக்க நாசமானால் அந்தத் தொகை கிடைக்கும். பாரத் கிருஹ ரக்ஷாவில் மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும், ஒவ்வொரு பொருளும் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவையில்லை. அதைத் தாண்டினால் வேண்டும். யார் கொடுக்கும் சான்றிதழை ஏற்பார்கள் என்று கம்பெனியில் விசாரித்துவிட்டு, அப்புறம் மதிப்பீட்டாளருக்குப் பணம் கொடுங்கள்.

முழுக்கப் போகாமல் கொஞ்சம் கிழிந்தால்? 2006-ல் அமெரிக்காவில் ஸ்டீவ் வின் என்ற செல்வந்தர், பிக்காசோவின் 'லெ ரேவ்' ஓவியத்தை 13 கோடியே 90 லட்சம் டாலருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். நண்பர்களுக்குப் படத்தைக் காட்டிக் கையை ஆட்டிப் பேசினார் பாருங்கள், முழங்கை பட்டுப் படத்தில் ஓட்டை! (நம் வீட்டுக் குழந்தைகளை மட்டும்தான் திட்டுகிறோம்.) விற்பனை நின்றது. ஓட்டையை அடைத்தாயிற்று, ஆனால் அடைத்த படத்துக்கு மதிப்புக் குறைந்ததே, அதை யார் கொடுப்பது என்று இன்ஷூரன்ஸ்காரர்களோடு வழக்கு வரை போய், பிறகு சமரசமானது. 2013-ல் அதே ஆசாமி அதே படத்தை 15 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றார் என்பது வேறு விஷயம். பழுது பார்க்கும் செலவு மட்டும்தானா, மதிப்புக் குறைவுக்கும் உண்டா என்று நாமும் கேட்டு வைக்கலாம்.

கரையான், பூச்சி, ஈரம், பூஞ்சை, நாள்பட மங்குவது இவற்றுக்கெல்லாம் பொதுவாகப் பணம் தரமாட்டார்கள். தஞ்சாவூர்ப் படம் என்பது பலகை மேல் துணி ஒட்டி, மக்கு பூசி, கல் பதித்து, தங்க ரேக்கு வைத்தது. குளியலறைச் சுவரை ஒட்டி மாட்டவே மாட்டாதீர்கள். ஈரத்துணி கூடாது, கண்ணாடியையும் உலர்ந்த துணியால்தான் துடைக்க வேண்டும். விளக்கைப் படத்துக்குக் கீழே வைக்காமல் தள்ளி வையுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் சந்தனப் பொட்டு வைக்கும் பழக்கம் இருந்தால், சட்டத்தின் மேல் வையுங்களேன், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

சகோதரியின் படங்களில் ஏதாவது ஒன்று நூறு வருஷம் தாண்டியது என்றால், அது சட்டப்படி தொல்பொருள். 1972-ஆம் வருஷச் சட்டப்படி இந்தியத் தொல்லியல் துறையின் பதிவு அதிகாரியிடம் பதிய வேண்டும். அந்தச் சான்றிதழ், படம் உங்களிடம் இருந்தது என்பதற்கு நல்ல அத்தாட்சி. தனியார் யாரும் அதை வெளிநாடு கொண்டு போகவும் முடியாது. அமெரிக்க நாத்தனார் பெட்டி கட்டுமுன் இதைச் சொல்லிவிடுவது நல்லது, விமான நிலையத்தில் மனஸ்தாபம் வேண்டாம்!

பாலிஸி எடுக்குமுன் படங்கள் யாருடையவை என்பதை வீட்டுக்குள் பேசி முடியுங்கள். மூன்று பேருக்கும் சொந்தமென்றால் கம்பெனியிடமும் அப்படியே சொல்லி, மூவர் பெயரும் எழுத முடியுமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு, "நீ யாரு கேக்கறதுக்கு?" என்ற கேள்வி வரும். ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும், அளவு தெரிய ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து, ஒரு பிரதியை உள்ளூர் நாத்தனாரிடம் கொடுத்து வையுங்கள். அப்போதே பிரிமியத்திலும் ஆளுக்கொரு பங்கு கேட்டுவிடுங்கள். படத்தில் பங்கு கேட்டவர்கள்தானே!