தகப்பனுக்கு வாங்க வந்த பையன்

சென்ற தீபாவளிக்கு முந்திய நாள் மாலை, ஹட்டனை அடுத்த சிறு பட்டினம் ஒன்றிலே பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். எதிரே ஒரு மதுபானசாலை. தீபாவளி முற்பணம் வாங்கிய கையோடு வந்தவர்களின் வரிசை கடை வாசலிலிருந்து வீதி வரை நீண்டிருந்தது. அதனிடையே, பதின்மூன்று அல்லது பதினான்கு வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் சீலைப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். அருகிற் சென்று, "யாருக்குத் தம்பி?" என்று வினவினோம்.

"அப்பாவுக்குங்க ஐயா. வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்க, அவரால வர முடியல்ல" என்றான்.

கள்ளங்கபடமற்ற முகம். கடைக்காரர் ஒரு வார்த்தையும் கேளாமற் போத்தலை எடுத்துக் கொடுத்தார். பையனும் அதை நெஞ்சோடு அணைத்தவாறு தேயிலைச் சரிவின் குறுக்குப் பாதையிலேறி மறைந்தான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 21 வயது நிறையாத ஒருவருக்கு மதுவையோ சிகரெட்டையோ விற்பது குற்றமாகும். ஆதலின் கடைக்காரர் செய்தது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால், அனுப்பி வைத்தவரை என்னவென்று சொல்வது? பண்டிகை என்றால் போத்தல் என்பதையும், அதன் விலையையும், வாங்கும் வழியையும் தகப்பனாரே அல்லவா பிள்ளைக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்! விருந்தினர் உறங்கிய பின் போத்தலின் அடியில் எஞ்சியிருப்பதைச் சுவைத்துப் பார்க்கப் பையனுக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்று மலைநாட்டுப் பெற்றோரின் மனத்தைக் கலக்குவது 'ஐஸ்' எனப்படும் போதைப்பொருளாகும். அந்த அச்சம் நியாயமானதே. 2022ஆம் ஆண்டிலே சட்டத்தைத் திருத்தி, அப்பொருளை வைத்திருப்போருக்கு மரண தண்டனை வரை விதிக்க வழிசெய்யப்பட்டது. டிசம்பர் முதல் மே வரையான சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், கஞ்சா முதலியவற்றோடு யாத்திரை வரும் வாலிபர்களை ஹட்டன் பொலிஸார் மோப்ப நாய்களின் துணையோடு பிடிப்பதை ஆண்டுதோறும் பத்திரிகைகளிற் படிக்கிறோம். எனினும், தோட்டத்துப் பிள்ளை முதன்முதலிற் சந்திக்கும் போதை வெளியூரிலிருந்து பொட்டலமாக வருவதன்று என்பதே நம் எண்ணம். அது வீட்டு மூலையில் இருக்கிறது; சீனியும் ஈஸ்டும் கலந்து புளிக்க வைத்த கோடாவாக, காட்டாற்றோரத்துப் பீப்பாயில் இருக்கிறது; பெரியவர்களின் வெற்றிலைப் பையிலே புகையிலையாகவும் இருக்கிறது.

"இந்தக் குளிருக்கு ஒரு சொட்டு இல்லாமல் முடியுமா?" என்று கேட்போர் உண்டு. நுவரெலியாவில் மட்டுமன்று, வெயில் கொளுத்தும் மன்னாரிலும் குடிப்பவர் குடிக்கத்தான் செய்கின்றனர்! மது தோலின் கீழுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனாற் சூடேறியதுபோலத் தோன்றினாலும், உள்ளுடம்பின் வெப்பம் வெளியேறிவிடுகிறது. குளிருக்குக் குடிப்பவர் உண்மையில் மேலும் குளிரையே வாங்கிக்கொள்கிறார்.

குளிரைப் பற்றிப் பேசும்போது ஐஸ்லாந்து நாட்டின் நினைவு வருகிறது. அங்கே 1998இல், 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் முந்திய ஒரு மாதத்துக்குள் குடிவெறி கொண்டிருந்தனர். 2016இல் அத்தொகை நூற்றுக்கு 5 ஆகக் குறைந்தது. அதற்கு அந்நாட்டார் செய்தது யாது? 'குடி கெடுதி' என்று பிள்ளைகளுக்குப் பிரசங்கம் செய்வதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. பாடசாலை விட்டதும் பிள்ளை எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்பதைக் கவனித்தார்கள். விளையாட்டுக்கும் சங்கீதத்துக்கும் பொதுப்பணத்தைச் செலவிட்டார்கள். 13 முதல் 16 வயது வரையுள்ளோர் மாரிகாலத்தில் இரவு 10 மணிக்குப் பின் துணையின்றி வெளியே திரியலாகாதென விதித்தார்கள். பெற்றோர்கள் ஒன்றுகூடி, தம் பிள்ளைகளுக்கு மது வாங்கிக் கொடுப்பதில்லை என்று உடன்படிக்கையும் எழுதிக்கொண்டார்கள்.

செல்வ நாட்டின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி சரியே. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் அறையிற் பையன் புத்தகத்தை விரித்து உட்கார இடமில்லை. பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிகிறது. காலையிற் பிரட்டுக்குப் போன தாய் மலையிலிருந்து இறங்கி வர நாலரை, ஐந்து மணியாகிறது. அந்த மூன்று மணி நேரம் அவன் யாருடைய பிள்ளை? சாதாரண தரம் தேறாதவன் கொழும்புக் கடைகளுக்குப் போகும்வரை வாசலிலும் பாலத்திலும் குந்தியிருக்கும் மாதங்களோ இன்னும் நீளமானவை. ஆனால் ஐஸ்லாந்தார் செய்தவற்றுள் ஒன்றுக்குக் காசு வேண்டியதில்லை. அதுதான் பெற்றோர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை.

1927 நவம்பரில் இலங்கை வந்த காந்தியடிகள், மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடமும் குடியைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட நூறாண்டுகள் ஆகின்றன! 2024 டிசம்பரில், அவ்வாண்டு வழங்கப்பட்ட புதிய மதுபான உரிமங்களின் பட்டியல் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். புதிய கடை வேண்டாமென்று வீதியில் நின்ற நம் தோட்டத்துச் சகோதரிகளையும் கண்டிருக்கிறோம். அந்தத் துணிவை நாம் வணங்குகிறோம். எனினும், கடையை மூடுவதற்கு அதிகாரிகளின் கையொப்பம் வேண்டும். பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதிருக்க எவர் கையொப்பமும் வேண்டுவதில்லை.

தோட்டந்தோறும் கோயிற் கமிட்டி இருக்கிறது. திருவிழாவுக்குச் சந்தா எவ்வளவு, மேளம் எங்கிருந்து என்று ஆலோசிக்கத் தலைவர்மாரும் தாய்மாரும் கூடும் அதே கூட்டத்தில், 21 வயதுக்கு உட்பட்ட எவரையும் போத்தல் வாங்க அனுப்புவதில்லையென ஒரு தீர்மானத்தையும் எழுதிக்கொள்ளலாம். விழா இரவில் மைதானத்துப் பக்கம் பிள்ளைகளைக் கவனிக்க நால்வரை நியமிக்கலாம். எந்தத் தோட்டத்தாராவது இவ்விதம் செய்து பார்த்திருப்பின், அது பலித்ததா, பலிக்காவிடில் யார் எதிர்த்தார்கள் என்பதை நமக்கு எழுதுவார்களாக. அடுத்த தீபாவளிக்கு முன்னர் அக்கடிதங்களை இப்பகுதியில் வெளியிடுவோம்.