பழைய காரின் கடிகாரம்: உள்ளே குவார்ட்ஸ் வைத்தால் என்ன தப்பு?

கம்ப்யூட்டரை ஆஃப் செய்த பிறகும் அதில் மணி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் குட்டி பேட்டரி அதைக் கவனித்துக் கொள்கிறது. பழைய கார்களில் இந்த வசதி கிடையாது. சாவியை எடுத்துவிட்டாலும் டாஷ்போர்டு கடிகாரம் காரின் பெரிய பேட்டரியில்தான் ஓடும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1950, 60களின் அமெரிக்கக் கார்களை எடுத்துக் கொள்ளுங்கள். பலவற்றில் போர்க் அல்லது வெஸ்ட்க்ளாக்ஸ் கடிகாரம் இருந்தது. பெயர்தான் எலக்ட்ரிக் கடிகாரம். உண்மையில் அதை ஓட்டுவது ஸ்பிரிங். ஓரிரு நிமிடங்களில் ஸ்பிரிங் தளர்ந்ததும் இரண்டு காண்டாக்ட் முனைகள் தொட்டுக் கொள்ளும். காயிலில் மின்சாரம் பாயும். அது ஒரு சின்னக் கையை 'டக்' என்று உதைத்துத் தள்ள, ஸ்பிரிங் மறுபடி முறுக்கேறும், முனைகளும் பிரிந்துவிடும். மின்சாரம் ஓடுவது கண நேரம்தான் என்பதால் செலவு சொற்பம். (1958ல் டேவிட் ஓகில்வி எழுதிய ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்தில், 60 மைல் வேகத்தில் காருக்குள் கேட்கும் பெரிய சத்தமே எலக்ட்ரிக் கடிகாரம்தான் என்று பெருமையடித்திருந்தார்கள்!)

பேட்டரி இறங்கிப்போனால்? உதைக்கும் அளவுக்கு காயிலுக்குப் பலம் இருக்காது. முனைகள் ஒட்டியபடியே நிற்கும், மின்சாரம் நிற்காமல் பாயும். 3 ஆம்பியர் என்று வைத்துக் கொண்டால்கூட, 8 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-அவர் காலி. மிச்சமிருக்கும் சார்ஜும் போய், காயிலும் கருகிவிடும். சில மாடல்களில், சூடேறினால் உருகி விட்டுப்போகும் ஈயப்பற்று பாதுகாப்புக்கு இருக்கிறது. பழைய கார்களில் கடிகாரம் மட்டும் ஓடாது என்று கேலி செய்வார்களே, அதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இன்னொரு தொல்லை தீப்பொறி. முனைகள் பிரியும் ஒவ்வொரு முறையும் காயிலில் எழும் எதிர் வோல்டேஜ் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் 1என்4004 டயோடு ஒன்றை காயிலுக்குக் குறுக்கே போட்டால் தீப்பொறி அடங்கும். கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் ஷார்ட்தான்.

ஒரிஜினலைத் தொடவே கூடாது என்று அடம்பிடிக்கும் பிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வாரம் தவறாமல் காரை ஓட்டுபவர் டயோடும் தனி ப்யூஸும் போட்டு, பழைய இயந்திரத்தையே வைத்துக் கொள்ளட்டும். மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்துபவர்கள் டயலையும் முட்களையும் விட்டுவிட்டு உள்ளே குவார்ட்ஸ் இயந்திரம் பொருத்துவதே மேல். உங்கள் கம்ப்யூட்டரில் மணி காட்டும் அதே ரகம், நொடிக்கு 32,768 முறை அதிரும் கிரிஸ்டல். கழற்றிய பழையதை டப்பாவில் பத்திரப்படுத்துங்கள்; விற்கும்போது திருப்பி மாட்டிவிடலாம்.

பல வருடம் நின்ற காரை வாங்கினால், புது பேட்டரி இணைக்கும் முன் கடிகார ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வையுங்கள். நின்றுபோன கடிகாரத்தில் முனைகள் பெரும்பாலும் ஒட்டியே இருக்கும். பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தால் நல்ல பேட்டரியாலும் அந்தக் கையை உதைத்துத் தள்ள முடியாது.