மகிழுந்துக்கு முன் சுவரைப் பாருங்கள்

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரங்களில் வரிசை வீடுகளின் முன்புறம் மின்சார மகிழுந்து நிற்பது இப்போது புதிய காட்சி அன்று. 2024 டிசம்பரில் புரோட்டோன் நிறுவனம் தன் முதல் மின்சார மகிழுந்தான இ.மாஸ் 7-ஐ அறிமுகப்படுத்தியபின், நடுத்தரக் குடும்பங்களும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டன. விலை என்ன, எவ்வளவு தூரம் ஓடும் என்று விசாரிக்கிறார்கள். வீட்டுச் சுவரில் இருக்கும் சாக்கெட் அதைத் தாங்குமா என்று கேட்பவர் குறைவு. என் கருத்தில், அதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நம் வீட்டு மூன்று முனை பிளக் 13 ஆம்பியர் மின்னோட்டத்திற்கானது. மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3 கிலோவாட் வரும். தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டியும் அதற்கு நெருக்கமான மின்சாரத்தை இழுக்கும். ஆனால், சில நிமிடங்களில் நின்றுவிடும். மகிழுந்தோ 10 ஆம்பியர் அளவில் இரவு முழுவதும் இடைவிடாமல் இழுக்கும். பத்து மணி நேரத்தில் 60 கிலோவாட் மணி கொண்ட மின்கலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் நிரம்பும். அன்றாடம் வேலைக்குப் போய்வர அது பலருக்குப் போதும். ஆகவே, சாதாரண சாக்கெட்டில் மின்னேற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை.

சிக்கல் பழைய சாக்கெட்டில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு திருகாணி தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இயற்பியல் பாடத்தில் படித்தபடி, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குங்கள். பத்தின் வர்க்கம் நூறு; அதில் பாதி 50 வாட். ஈயம் பற்றவைக்கும் கருவியின் சூடு ஏறத்தாழ அவ்வளவுதான்! அந்தச் சூடு நெகிழிப் பெட்டிக்குள் பல மணி நேரம் அடைபட்டுக் கிடக்கும்.

“உருகி இருக்கிறதே, அது அறுந்து காப்பாற்றாதா?” என்று கேட்கலாம். உருகி அளவுக்கு மீறிய மின்னோட்டத்திற்கே அறும். இங்கே ஓடுவது 10 ஆம்பியர்தான். உருகியின் கணக்கில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. “இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை” என்பதும் வலுவான வாதமாகாது. அந்த இருபது ஆண்டுகளில் அதே சாக்கெட்டில் மீன்தொட்டியின் பம்பும் சலவைப்பெட்டியும்தானே ஓடின? நீட்டிப்பு வயரைச் சுருட்டியபடியே பயன்படுத்துவது இன்னும் மோசம். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாரல் அடிக்கும் முன்வாசலில் அந்த வயர் தரையில் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை முதல், நேரத்திற்கேற்ற கட்டணத் திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு இரவு 10 மணிக்குப் பிறகு மின்சாரம் மலிவு. எனவே, வீட்டார் உறங்கும் நேரத்திலேயே மின்னேற்றம் நடக்கும். பிளக் கருகும் வாடையை அப்போது யார் உணர்வார்?

செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற மின் குத்தகையாளரை அழைத்து, மின்பெட்டியிலிருந்து மகிழுந்துக்கென்றே தனிக் கம்பி இழுக்க வேண்டும். 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானையும் புவி இணைப்பையும் அவர் சோதிக்க வேண்டும். சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சாதனம் வேண்டுமென்றால் அது 32 ஆம்பியர் இழுக்கும். குளிரூட்டிகளுடன் சேர்த்து வீட்டின் மொத்தச் சுமையையும் கணக்கிட வேண்டிவரும். மின்னேற்றச் சாதனம் வாங்கிப் பொருத்தும் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. பிளக்கைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத அளவு சுட்டால் உடனே மின்னேற்றத்தை நிறுத்திவிட வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள்தாம் பாவம். சுவரை உடைத்துக் கம்பி இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டுமே! இஸ்கண்டார் புத்திரியில் இன்றும் புதிய வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பூச்சு வேலைக்கு முன்பே மேம்பாட்டாளர்கள் மகிழுந்து நிறுத்துமிடத்திற்கு ஒரு தனிக் கம்பியை இழுத்து வைத்துவிட்டால், பின்னால் வருபவர் யாராக இருந்தாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை.