எங்களைக் கேட்டு எழுதியதை எங்களுக்கும் சொல்லுங்கள்

மனச்சிதைவு நோய் உள்ளவர் பகல் பதினொரு மணிவரை படுத்தே கிடந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. பேச்சு குறைவதும் குளிக்க மனமில்லாமல் போவதும்கூட நோய்தான். மருத்துவர்களுக்கு இது எப்போதோ தெரியும். என் தம்பி நோயில் விழுந்து வெகுகாலம் கழித்துத்தான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. அதுவும் அரசு மருத்துவமனையில், மாத்திரை வரிசையில் முன்னால் நின்ற ஒரு அம்மா சொல்லி. "திட்டாதம்மா. காலையில ஒரே ஒரு வேலை குடு, பால் வாங்கிட்டு வரட்டும். வாங்கிட்டு வந்தா நல்லா செஞ்சேன்னு சொல்லு. போகலையா, பேசாம விட்டுடு."

அந்த அம்மா பட்டறிந்து சொன்னார். ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் 1950களில் தொடங்கிய ஆய்வுகள், ஓயாமல் குறைசொல்லும் வீடுகளிலும் அளவுமீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கும் வீடுகளிலும் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்று காட்டின. அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளியோடு குடும்பத்தையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொண்டது. 2014இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு நம் மண்ணிலேயே நடந்தது. தமிழ்நாடு, கோவா, சதாரா மூன்றிலுமாக 282 நோயாளிகள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் உதவியதில், மருத்துவமனை சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அந்த உதவியும் பெற்றவர்களுக்கு நோயின் கடுமை ஓரளவு கூடுதலாகக் குறைந்தது.

இவையெல்லாம் ஆங்கில இதழ்களில் இருக்கின்றன. ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் கடனைச் சொல்கிறோம், நின்றுபோன கல்யாணத்தைச் சொல்கிறோம். முடிவு என்னவென்று யாரும் வந்து சொன்னதில்லை. ஆராய்ச்சியின் பலன் மக்களைச் சேர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. அப்படியானால், முடிவை யார், எந்த ஊரில், எப்போது தமிழில் சொல்வார் என்று எழுதித் தராத ஆய்வுக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது. இடத்துக்குப் பஞ்சமில்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளில் தாலுகா மருத்துவமனையில் குடும்பங்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கின்றன. அங்கே அரை மணி நேரம் பேசலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு வீடு வரும் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம்.

எங்களிடமும் விஷயம் இருக்கிறது. என் தம்பிக்கு இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கேள்வித்தாள் எழுதும்போதே எங்களில் நாலு பேரைக் கூப்பிடுங்கள். அன்றைய கூலியும் பஸ் காசும் கொடுத்துக் கூப்பிடுங்கள்.