பறவையின் சாட்சியம் செல்லாது

கிளி கொத்திய கொய்யாவும் அணில் கடித்த மாம்பழமும் தனி ருசியுடையவை என்பது நம் வீடுகளில் தொன்றுதொட்டு வழங்கிவரும் பேச்சு. அதில் பிழையொன்றும் இல்லை. தோட்டத்து மரத்தில் எந்தக் கனி நன்றாகப் பழுத்திருக்கிறது என்பதை அந்த ஜீவன்கள் நம்மைக்காட்டிலும் முந்தி அறிகின்றன. ஆனால், தின்னத் தகுந்தது என்று நாம் முன்பே அறிந்திருக்கும் ஒரு மரத்தின் கனிப் பக்குவத்தைப் பற்றி மட்டும் எழுந்த இந்த வார்த்தை, காலப்போக்கில் தோட்டத்து வரம்பைத் தாண்டி வேலிக்கும் புதருக்கும் பரவி, குருவி தின்கிற பழத்தை மனிதரும் தின்னலாம் என்ற பொது விதியாகி, படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி எல்லோராலும் குழந்தைகளுக்குப் போதிக்கப்பட்டு வருவதைத்தான் நான் கண்டிக்கிறேன்.

பறவையின் தேகம் வேறு, நம் தேகம் வேறு. இதற்குப் பிரமாணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் நாவைச் சுட்டெரிக்கும் மிளகாய்ப் பழத்தைக் கிளி விதையோடு நிதானமாகக் கடித்துத் தின்பதை யார்தான் பார்த்ததில்லை? அந்தக் காரத்தை உணரும் சக்தி பறவைகளின் நரம்புகளுக்கு இல்லை என்பது விஞ்ஞானிகள் ஆராய்ந்து கண்ட உண்மை. மேலும், வேலிக் கனிகளை நாடிவரும் சின்னானும் குயிலும் எதையும் மென்று தின்பவையல்ல. கனியை விழுங்கி, சதையை ஜீரணித்துக்கொண்டு, விதையை உடையாமல் வேறோர் இடத்தில் போட்டுவிட்டுப் போகின்றன. செடிக்கு வேண்டியதும் அதுவே. விதையை அரைத்து நாசமாக்கும் பற்களையுடைய பிராணிகளிடமிருந்து தன் சந்ததியைக் காத்துக்கொள்ளத்தான் பல தாவரங்கள் விஷத்தை விதைக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கின்றன. மனிதனும் அப்பற்களையுடைய பிராணிகளுள் ஒருவன்.

ஆடுமாடு வாய்வைக்காது என்ற காரணத்துக்காகவே வேலியோரங்களில் வளர்க்கப்படும் மஞ்சள் அரளியின் கனியைக் குயில் தின்பதைப் பறவை நூலோர் பதிவு செய்திருக்கிறார்கள். அக்கனியின் விதையோ மனிதனின் இருதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி உயிரை வாங்க வல்லது. எட்டிக் கனியின் சதையை இருவாச்சி தின்றுவிட்டு விதையை உமிழ்கிறது. அந்த விதையில் இருப்பது, 1818-இல் பிரெஞ்சு ரசாயனிகள் பிரித்தெடுத்துக் காட்டிய ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. இங்கிலாந்திலோ பெல்லடோனாச் செடியின் கருங்கனிகளைப் பறவைகள் தின்று பறந்துபோக, இனிப்பாக இருக்கிறதே என்று அவற்றில் சிலவற்றைத் தின்ற குழந்தைகள் மாண்டிருக்கின்றன.

இனிப்பைப் பற்றிய பேச்சு வந்துவிட்டதால், இந்த நம்பிக்கையின் உடன்பிறப்பையும் இங்கேயே கண்டிக்க வேண்டும். கசப்பதுதான் விஷம், வாய்க்கு இனியது கெடுதல் செய்யாது என்பார்கள். காட்டாமணக்கு வேலியில் காய் பச்சை மாறி மஞ்சளாகி, பின்பு கறுத்து உலர்ந்து வெடிக்கிற பருவத்தில் ஒன்றைப் பறித்துப் பிரித்தால், உள்ளே மூன்று கறுப்பு விதைகள் இருக்கும். அவற்றின் மேலோட்டை நீக்கினால் வெண்ணிறப் பருப்பு, ஏறக்குறைய வேர்க்கடலையின் சுவை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் அந்தச் சுவையை நம்பித்தான் ஆளுக்கு நாலு விதையாகப் பங்கிட்டுத் தின்று, பொழுது சாய்வதற்குள் வாந்தியும் பேதியும் வயிற்றுவலியுமாகக் கூட்டத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறார்கள். ஒருமுறை தின்றும் ஒன்றும் ஆகவில்லையே என்ற வாதமும் செல்லாது. குன்றிமணியை முழுதாக விழுங்கிய குழந்தை அதன் கடினமான தோலின் தயவால் பிழைத்துவிடலாம்; அதே மணியைக் கடித்து மென்ற குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் முன்னோர் இந்த விதியைக்கொண்டுதானே காட்டிலும் மேட்டிலும் பிழைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பிழைத்தது இந்த விதியால் அல்ல. ஆடு மேய்க்கும் சிறுவனுக்குச் சூரையின் முள் தெரியும், காரையின் இலை தெரியும், கோவைக் கொடி பூக்கும் விதம் தெரியும். பாட்டியிடமோ தமையனிடமோ செடி செடியாகக் கற்ற அந்த ஞானமே அவனைக் காத்தது. அவன் அருகில் அதே கனியைக் கொத்திக்கொண்டிருந்த சின்னானுக்கு நாம் அந்தப் பெருமையைக் கொடுத்துவிட்டோம். இன்று ஞானம் போய்விட்டது. பழமொழிபோல் அந்த வார்த்தை மட்டும் நிற்கிறது. மணத்தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள்: நன்றாகப் பழுத்த கனியைப் பறித்தபடியே தின்கிற நம் பெண்கள், பச்சைக் காயை மோரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, வற்றலாக வறுத்த பிறகே இலையில் இடுகிறார்கள். ஒரே செடியில் எந்தப் பருவம், எந்தப் பாகம், எந்தப் பக்குவம் என்றெல்லாம் பகுத்தறிந்த இந்தச் சூக்ஷ்மத்தை எந்தப் பறவை நமக்குச் சொல்லித்தரும்?

ஆகையால் பெற்றோரும் உபாத்தியாயர்களும், குறுக்குவழியான அந்தப் பொது விதியைக் கைவிட்டு, தம் ஊர் வேலிகளில் உள்ள செடிகளை இலை, பூ, முள், காய் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டி, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கற்பிக்க வேண்டுகிறேன். பெயர் தெரியாத கனியை வாயில் வைப்பதில்லை என்ற நியமத்தையும் அத்துடன் பழக்குங்கள். எப்போதேனும் ஒரு குழந்தை தின்றுவிட்டதென்று தெரிந்தால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக் காத்திராமலும், உப்புநீரைப் புகட்டிக் கைவைத்தியம் செய்யாமலும், இலையும் காயும் கூடிய கிளையொன்றை ஒடித்துக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். எதைத் தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்ற மூன்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.