கடலூர் மண்ணில் யாருடைய போர்?

கடலூர்க் கடற்கரையையும் தில்லைக் கோபுரங்களையும் கண்டு மகிழ்வோர் பலர். ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வட்டாரம் போர்க்களமாய்க் கிடந்ததை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

1780இல் மைசூர் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. சிதம்பரம் கோயிலின் உயர்ந்த மதில்கள் அவர்தம் வீரர்க்குக் கோட்டையாயின. 1781 ஜூன் 18ஆம் நாள் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதனைத் தாக்கித் தோல்வியுற்றார். ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டைப் போரில் அவரே வென்றார். 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சு, மைசூர்ப் படைகளின் வசமாயிற்று.

இதனைச் சமயப்போர் எனச் சித்திரிப்பாரும் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்போம்: கும்பினியார் யாருடைய நண்பர்? ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் நண்பரன்றோ! ஹைதருக்குத் துணைநின்றோர் பிரெஞ்சுக் கிறித்தவர். இந்துவும் முஸ்லிமும் இருபுறத்தும் சிப்பாய்களாய் நின்றனர். போரை மூட்டியவை மண்ணாசையும் வாணிக ஆசையுமே.

ஹைதரின் வீரத்தைப் போற்றும் நாம், அவருடைய குதிரைப்படையால் பாழான ஊர்களை மறைத்தலும் நேர்மையன்று. விளைநிலம் அழிந்தது, பஞ்சம் தொடர்ந்தது. பசிக்கு மதமேது?

இதனினும் கொடியது பின்னர் நிகழ்ந்தது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1783 ஜனவரி 20ஆம் நாளே வெர்சாயில் சமாதான முன்னுடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அச்செய்தி கப்பலேறி இங்கு வந்து சேருமுன்னர், ஜூன் 13ஆம் நாள் கடலூரின் புறத்தே பெரும்போர் மூண்டது. ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஏறத்தாழ ஆயிரவர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். ஜூன் இறுதியில் செய்தி வந்தது, பீரங்கிகள் ஓய்ந்தன. முடிந்துபோன பகைக்காக மாண்டவர்களை யார் மீட்டுத் தருவார்?

கூட், புஸ்ஸி, சுப்ரேன் எனத் தளபதியரின் பெயர்களை ஏடுகள் காத்து வைத்துள்ளன. அவர்களுக்காகச் சுமை தூக்கியோரும், நெல்லைப் பறிகொடுத்த உழவரும், வாணிகம் இழந்த பரங்கிப்பேட்டை மரக்காயர்களும் பெயரின்றி மறைந்தனர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் ஊர்ப் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் பழைய ஆவணங்களைத் தேடுங்கள். முதியோரிடம் செவிவழிச் செய்திகளைக் கேட்டு எழுதுங்கள். ஆதாரத்தோடு வரலாறு கற்றவரைப் பகைமூட்டும் பேச்சு எளிதில் அசைக்காது. இப்பணியைத் தமிழ்த்துறை தன் கடமையாக ஏற்க வேண்டுமென்பதே நம் வேண்டுகோள்.