வண்டிக்கு உயரமா, பிடிப்பா?



பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் ஒரு பேச்சைப் பற்றி என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கடனோ உடனோ வாங்கி வீட்டுக்கு ஒரு பிக்-அப் வண்டி எடுக்கிறோம். எடுத்த மறுமாதமே வீட்டுப் பிள்ளை, "அப்பா, வண்டியை ரெண்டு இஞ்ச் தூக்கி, பெரிய டயர் போட்டுடலாம்" என்கிறான். அதில் எது நல்லது, எது கெட்டது என்று அப்பாவுக்குத் தெரியாது. பிள்ளை ஆசைப்படுகிறான் என்று சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

வண்டிப் பட்டறை வேலையிலேயே வயதைக் கழித்தவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வண்டிக்கு முதல் செலவு நல்ல டயர். இரண்டாவது செலவு, தேவைப்பட்டால், சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங். வண்டியை உயரம் தூக்குவது நம்மில் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையே இல்லை. ஏன் என்று விளக்குகிறேன். படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் இருப்பது வரதய்யபாளையம். முன்பு சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். இந்த ஊருக்கும் இந்தப் பேச்சுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரத்தில்தான் இசுசு நிறுவனத்தின் தொழிற்சாலை 2016 ஏப்ரலில் திறக்கப்பட்டது. டி-மேக்ஸ், வி-கிராஸ் என்று சாலையில் நாம் பார்க்கும் பிக்-அப்கள் அங்கிருந்து வருபவை. நம் மண்டலத்தின் சின்னபாண்டூரில் அப்பல்லோ டயர்ஸ் நிறுவனத்தின் ஆலை 2020 ஜூனில் உற்பத்தியைத் தொடங்கியது. வண்டியும் இங்கே, டயரும் இங்கே! இந்த ஆலைகளை நம்பித் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நம் பிள்ளைகளுக்கு இந்த வண்டிகள் மேல் ஆசை வருவதில் வியப்பில்லை.

ஆசைக்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தப் பக்கத்து ஏரிக்கரைப் பாதைகள் எப்படி ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நாம் உப்பலமடுகு என்றும் சென்னைக்காரர்கள் தடா அருவி என்றும் சொல்லும் இடத்துக்குப் போகும் வழியில் கடைசிப் பகுதி கல்லும் மண்ணும்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்து நிற்கும் உயரமான வண்டிகளைப் பார்த்தால் வாலிபப் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்காதா?

ஆனால் தூக்கினால் என்ன கிடைக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

பட்டறைகளில் வண்டியைத் தூக்க இரண்டு மூன்று வழிகள் வைத்திருக்கிறார்கள். மலிவான வழி, முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு வட்டக் கட்டை வைப்பதும், பின்பக்கம் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்புக் கட்டை சொருகுவதும். இரண்டாவது வழி, ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பின்பட்டை எல்லாவற்றையும் உயரத்துக்கென்றே செய்த தொகுதியாக மாற்றுவது. இதில் செலவு பல மடங்கு. எந்த வழியில் தூக்கினாலும் உயர்வது வண்டியின் சட்டமும் உடம்பும்தான்.

இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பிக்-அப்களில் பின் ஆக்சில் ஒரே துண்டு. அதன் நடுவில் குண்டாகத் தொங்குகிறதே, நாம் கிரௌன் ஹவுசிங் என்று சொல்வோமே, அது சக்கரத்தோடு சேர்ந்தது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது ஒரு நூலிழைகூட மேலே வராது. பாறையில் முதலில் தட்டுவதோ அந்தக் குண்டுதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் டயரின் விட்டம் கூடுவதில் பாதிதான் நமக்குக் கிடைக்கும். தூக்கியதால் முன் பம்பரும் வண்டியின் நடு வயிறும் மேட்டில் இடிக்காமல் தப்பும் என்பது உண்மை. அது காட்டுப் பாதையில் பயன்படும். வாரத்தில் ஆறு நாள் தடா–ஸ்ரீகாளஹஸ்தி சாலையில் ஓடும் வண்டிக்கு அதனால் என்ன பயன்?

கிடைப்பது அவ்வளவு என்றால், கொடுப்பது என்ன? முன்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ஆக்சில் மூட்டுகள் குறிப்பிட்ட சாய்வில் சுழலும்படி செய்யப்பட்டவை. தூக்கினால் சாய்வு கூடும். மூட்டும் அதன் ரப்பர் உறையும் சீக்கிரம் தேயும். மேல் கையின் பால் ஜாயின்ட் தன் எல்லைக்குப் போய் நிற்கும். அலைன்மென்ட் கெட்டு டயர் ஒரு பக்கமாக உண்ணும். பிரேக் எண்ணெய்க் குழாயின் நீளம் போதாமல் இழுபடும். எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியின் எடைமையம் உயர்கிறது. திடீரென்று குறுக்கே ஆடு வந்து ஸ்டீயரிங்கை ஒடித்தால், தாழ்ந்த வண்டி சமாளிக்கும் இடத்தில் உயர்ந்த வண்டி சாயும். அதில் பின்தொட்டியில் உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தூக்கினாலும் தூக்காவிட்டாலும் சாமான் தொட்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது தனி விஷயம். அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இன்னொன்றை என்னால் சும்மா விடமுடியாது. முன்பக்கம் உயர்ந்தால் முன்விளக்கின் வெளிச்சமும் மேலே ஏறும். இரவு ஷிப்ட் விடும் நேரத்தில் ஆலைகளிலிருந்து நம் பிள்ளைகளே நூற்றுக்கணக்கில் பைக்கில் வருகிறார்கள். எதிரே வரும் தூக்கிய வண்டியின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்தால் அந்தப் பையனுக்கு ரோட்டோரம் தெரியுமா? வண்டியைத் தூக்கும் பட்டறைகளில் எத்தனை பேர் விளக்கை இறக்கிச் சரிசெய்து அனுப்புகிறார்கள்? நான் பார்த்தவரை மிகக் குறைவு. நம் அழகுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை விலை கொடுக்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நடந்தபின், வண்டி மாற்றப்பட்டது என்ற காரணத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ்காரருக்கு நாமே இடம் கொடுத்தால், அந்தக் குடும்பம் எங்கே போய் நிற்கும்? சொந்த ஊரில் நிலமும் இல்லாமல், வந்த ஊரில் துணையும் இல்லாமல் இருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வண்டிக் கடன் ஒன்றே பெரிய சுமை.

"வெளிநாட்டில் எல்லோரும் தூக்கித்தானே ஓட்டுகிறார்கள்?" என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியாவில் இது பெரிய தொழில்தான். அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் உயரத்துக்கு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டினால் பொறியாளரின் சான்று கேட்பார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும் நம் பிள்ளைகள் சான்றிதழைப் பார்ப்பதில்லை.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். "தொட்டியில் சுமை ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, அதனால் தூக்குகிறேன்" என்று சொல்லும் வியாபாரிகள் உண்டு. அவர்களின் குறை உண்மை, மருந்துதான் தவறு. இரும்புக் கட்டை வைத்தால் வெறும் வண்டி உயரும். சுமை ஏற்றியதும் அதே அளவு கீழே இறங்கும். பட்டையின் வலிமை கூடவில்லையே! பட்டை தளர்ந்திருந்தால் அதே அளவில் புதிதாக மாற்ற வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தால் மாற்ற வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள எடைக்கு மேல் ஏற்றாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்தாலே பாதிப் பேருக்கு "உயரம்" திரும்பக் கிடைத்துவிடும்.

இனி டயருக்கு வருவோம். சேறாகட்டும் தார்ச்சாலையாகட்டும், வண்டிக்கும் பூமிக்கும் உள்ள உறவு நான்கு உள்ளங்கை அகல ரப்பர்தான். பிக்-அப் டயர்கள் பொதுவாக மூன்று வகை. சாலை டயர்: தாரில் நல்ல பிடிப்பு, சத்தம் குறைவு. சேற்று டயர்: பெரிய பெரிய பட்டன், சேற்றை உதறிவிடும், ஆனால் மழையில் நனைந்த தாரில் பிரேக் அடித்தால் நிற்க அதிக தூரம் வேண்டும், சத்தமும் அதிகம். இரண்டுக்கும் நடுவே எல்லாப் பாதை டயர், கடைக்காரர்கள் ஏ.டி. என்று சொல்வது. மாதம் இரண்டு முறையாவது மண் பாதையில் போகிறவர்களுக்கு என் ஓட்டு இந்த ஏ.டி. டயருக்கு. தாரிலேயே ஓடுகிறவர்களுக்குச் சாலை டயரே போதும். சேற்று டயர் நம் குடும்பங்களில் யாருக்கும் தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அளவில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். வி-கிராஸில் வரும் 255/60 ஆர் 18 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 255 என்பது அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபது. 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு விட்டம் சுமார் 763 மில்லிமீட்டர். 265/60 ஆர் 18 போட்டால் 775. விட்டம் 12 கூடியது. ஆக்சில் உயர்ந்தது 6 மில்லிமீட்டர், அதாவது ஒரு பென்சில் கனம். பிள்ளைகள் ஆசைப்படும் 265/70 ஆர் 17 போட்டால் 803. ஆக்சில் 20 மில்லிமீட்டர் உயரும். ஆனால் வேகமானி 80 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 84-இல் போகும். கியர் இழுவை குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசவும் கூடும். அகலக் கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது டயருக்கும் பொருந்தும்! நிறுவனம் அந்த வண்டிக்குக் குறித்த அளவிலேயே நல்ல ரகமாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கடையில் நிற்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எடைக் குறியீடு. 108 என்றால் ஒரு டயர் 1,000 கிலோ தாங்கும். 112 என்றால் 1,120 கிலோ. பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்த எண் உள்ளதை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டாவது, பக்கச் சுவரில் நாலு இலக்கத்தில் இருக்கும் தயாரிப்புத் தேதி. 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பல வருடம் கடையில் கிடந்த ரப்பர் பட்டன் தேயாமலே கெட்டிப்படும். மூன்றாவது, நான்கையும் ஒரே ரகமாகப் போடுங்கள். ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் வெவ்வேறு விட்டத்தில் டயர் ஓடினால் கியர்ப்பெட்டிக்குக் கேடு.

காற்றுக்குக் காசு அதிகம் இல்லை. ஆனால் அதைத்தான் நாம் மறக்கிறோம். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டையில் வெறும் வண்டிக்கு எவ்வளவு, சுமைக்கு எவ்வளவு என்று இருக்கும். மாதம் இருமுறை, டயர் சூடேறுமுன் பார்த்துப் பிடியுங்கள். மணலில் சிக்கினால் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே பல நேரம் வண்டி வெளியே வந்துவிடும். தார் ஏறியதும் திரும்பப் பிடிக்க ஒரு சிறிய காற்றுப் பம்பு வண்டியில் இருக்க வேண்டும். வண்டியைத் தூக்கும் செலவில் இதற்கு ஆவது ஒரு துளி.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கும்போது "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, "இந்த வண்டி எந்தப் பாதையில் மாதம் எத்தனை நாள் போகும்? அதில் யார் யார் ஏறுவார்கள்?" என்று கேளுங்கள். தீபாவளிக்கு ஊரிலிருந்து வரும் பாட்டி முழங்கால் வலியோடு அந்த உயரத்தில் ஏற முடியுமா என்று கேளுங்கள். கணக்கையும் அவனையே போடச் சொல்லுங்கள். ஆலையில் இயந்திரத்தோடு பழகும் பிள்ளைகள், புரியவைத்தால் புரிந்துகொள்வார்கள்.

தம்பிமார்களுக்கும் ஒரு சொல். வண்டி மேல் உள்ள ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசைதான் என்னையும் இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது. தூக்குவதற்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல ஏ.டி. டயர் நான்கு, புதிய ஷாக் அப்சார்பர், ஒரு அலைன்மென்ட், ஒரு காற்றுப் பம்பு வாங்குங்கள். வரும் மழைக்காலத்தில் ஏரிக்கரையில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உயரம் வேண்டும் என்று தோன்றினால் என்னிடம் வாருங்கள், பேசலாம். மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள் அடுத்த இதழுக்கு அவசியம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.